நகரியிலிருந்து பதினொரு பேர் படகேறப் போனோம்

நகரி மூக்கை அறியாத நகரிவாசி இருக்க முடியாது. புத்தூர்ப் பக்கமிருந்து ரயிலில் வந்தாலும் சரி, திருத்தணியிலிருந்து பஸ்ஸில் வந்தாலும் சரி, வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறைதான் ஊர் வந்துவிட்டது என்று நமக்குச் சொல்கிறது. சுமார் 2,800 அடி உயரமுள்ள அந்தச் சிகரம் ஒரு காலத்தில் கப்பல்காரர்களுக்கும் அடையாளமாக இருந்தது. சென்னைக் கரையை நெருங்கிய மாலுமிகள் கடலில் இருந்தபடியே இந்த மூக்கைப் பார்த்துத் திசை தெரிந்துகொண்டார்கள். வெள்ளைக்காரர்களின் பழைய குறிப்புகளில் ‘நகரி நோஸ்’ என்றே அது வழங்குகிறது.

கப்பலுக்கு வழிகாட்டிய ஊரில் ஓட்டுவதற்கு ஒரு படகு கிடையாது. குசஸ்தலை என்றும் நகரி ஆறு என்றும் நாம் சொல்லும் ஆற்றில் வருஷத்தில் பெரும் பகுதி மணல்தான். விசைத்தறியில் நாற்பது வருஷம் நின்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஏகாம்பரகுப்பம் டீக்கடையில் ஒரு நாள் அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான் எங்கள் பயணம் தொடங்கியது.

“அடையாறு சாக்கடையாப் போச்சுன்னு சொல்றீங்க. அதுல கொழும்புக்காரனோட படகுப் போட்டிக்குப் பழகறாங்கன்னும் சொல்றீங்க. ரெண்டுல எது நெசம்?”

இரண்டும் நிஜம்தான் பெரியவரே, என்றேன். அவர் நம்பவில்லை. பார்த்துவிட்டே வருவோம் என்று முடிவாயிற்று. தறிக்காரர்கள் ஆறு பேர், பள்ளிக்கூட குமாஸ்தா ஒருவர், திருப்பதியில் கணக்கு எழுதும் இருவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர், நான். ஆளுக்கு அறுநூறு ரூபாய் போட்டோம். குமாஸ்தா பொருளாளர். தை மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ரயிலேறினோம்.

பாலத்தின் மேலிருந்து

இரவு தங்கியது கோட்டூர்புரத்தில். தறிக்காரர் ஒருவரின் தங்கை அங்கே ஆற்றங்கரையை ஒட்டிய வாரியக் குடியிருப்பில் இருக்கிறார். மொட்டை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் கோட்டூர்புரம் பாலத்தில் போய் நின்றோம். பனி இறங்கியிருந்தது. பாலத்துக்குக் கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது. வாடை இருந்தது; இல்லை என்று சொன்னால் பொய். பெரியவர் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் கேட்டது சத்தம். ‘சளக்’ என்று ஒரு ஒலி, பிறகு ஏதோ உருளும் ஒலி, மறுபடியும் ‘சளக்’. நாற்பது அடிக்கு மேல் நீளம். அகலமோ ஒரு ஆள் உட்காரத்தான் போதும். அந்த ஈர்க்குச்சி போன்ற படகில் நால்வர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து ஆளுக்கொரு நீண்ட துடுப்பை இழுக்கிறார்கள். நால்வரும் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். போகும் திசையைப் பார்ப்பவர் ஐந்தாவது ஆள் ஒருவர்தான். சுக்கானும் கட்டளையும் அவரிடம். அவர் சொல்வதை நம்பி மற்ற நால்வரும் கண்ணுக்குத் தெரியாத திசைக்குப் படகை விரட்டுகிறார்கள்.

“உக்காந்து வர்றவன் யாரு?” என்றார் பெரியவர்.

யாரும் இல்லை என்றோம். இந்தப் படகில் பிரயாணி என்று ஒருவர் கிடையாது. சுக்கான்காரரைத் தவிர உட்கார்ந்தவர் அத்தனை பேரும் இழுக்க வேண்டும். படகுக் கொட்டகையிலிருந்து தண்ணீர் வரைக்கும் படகைத் தோளில் சுமந்து வருவதும் அவர்களேதான். எட்டுப் பேர் இழுக்கும் பெரிய படகு ஒன்று உண்டு. அது அறுபது அடி நீளம்.

உருளும் சத்தம் என்னவென்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. ரயில்வேக்காரர்தான் கண்டுபிடித்தார். அவர்கள் உட்கார்ந்திருக்கும் பலகைக்குக் கீழே சக்கரம் இருக்கிறது. காலைக் கட்டையில் மாட்டிக்கொண்டு எம்பித் தள்ளும்போது பலகை தண்டவாளத்தில் பின்னால் ஓடுகிறது. பார்ப்பவர்கள் கைவேலை என்று நினைப்பார்கள். உண்மையில் பாடு முழுவதும் தொடைக்கும் முதுகுக்கும்தான். துடுப்பு நால்வருக்கும் ஒரே கணத்தில் தண்ணீரில் இறங்கி ஒரே கணத்தில் வெளியே வர வேண்டும். ஒருவர் இமை நேரம் பிந்தினாலும் துடுப்பைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பிடி வயிற்றில் வந்து மோதும். படகு ஆடி நின்றுவிடும். “நாடா நேரம் தப்பினா பாவு அறுந்து போற மாதிரி” என்றார் எங்கள் தறிக்காரர் ஒருவர். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பெரியவர் துண்டை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

இப்படி ஒரு தடவை கூட்டமாக ஆற்றில் போய் வருவதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘அவுட்டிங்’. நாம் அவுட்டிங் என்றால் புளியோதரைப் பொட்டலத்தோடு போவது. அவர்களுக்கு அது வியர்க்க வியர்க்கப் பழகிவிட்டு வருவது!

1867-இல் தொடங்கியது

அடையாற்றின் வடகரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் ஏற்பட்டது. அப்போது நகரி வட ஆர்க்காடு ஜில்லாவில் இருந்தது. சித்தூர் ஜில்லா பிறக்க இன்னும் நாற்பத்து நான்கு வருஷம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நதிகளில் ஓட்டிப் பழகிய விளையாட்டை இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1864-இல், கொழும்பில் பெய்ரா ஏரிக்கரையில் இதேபோன்ற ஒரு கிளப் தோன்றியிருந்தது. 1898-இல் இரண்டு கிளப்புகளும் முதன்முதலாகப் போட்டியிட்டன. இடையில் உலகப் போர்கள் வந்தன, இரண்டு நாடுகளும் சுதந்திரம் பெற்றன, வெள்ளைக்காரர்கள் போனார்கள். போட்டி மட்டும் போகவில்லை. ஆண்களுக்கான கோப்பைக்குத் ‘தீபம்’ என்று பெயர். பெண்களுக்கு ‘அடையாறு’ கோப்பை. சாக்கடை என்று நாம் முகம் சுளிக்கும் ஆற்றின் பெயரை ஒரு கோப்பையில் பொறித்து அதற்காகக் கொழும்புப் பெண்களும் சென்னைப் பெண்களும் மூச்சைப் பிடித்துத் துடுப்பு வலிக்கிறார்கள்.

கிளப் உறுப்பினர்களுக்கானது. நம்மைப் போன்றவர்கள் வாசலில் போய் நின்று பிரயோஜனமில்லை, போகவும் இல்லை. ஆனால் பாலம் பொதுவானது, ஆறும் பொதுவானது. பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை.

நாங்கள் நின்ற முக்கால் மணி நேரத்தில் அந்த நால்வர் படகு மூன்று முறை வந்து திரும்பியது. தனி ஆள் படகுகளும் இரண்டு போயின. நாள்தோறும் முகத்துக்கு அரை முழம் கீழே இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு பழகுகிறவர்களுக்கு ஆற்றின் நிலைமை நன்றாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வருவதில்லை. கழிவுநீர் வெளியே போவதில்லை. அப்போது ஆறு குட்டையாகிவிடும். திறந்திருந்தால் கடல் ஏறி இறங்கி நாள்தோறும் இரண்டு தடவை கொஞ்சம் கழுவிக் கொடுக்கும்.

தங்கையின் ஆறு

திரும்பி வந்தபோது அந்தத் தங்கை இட்லி வார்த்து வைத்திருந்தார். நாங்கள் பார்த்துவிட்டு வந்த அழகை ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே சட்னி ஊற்றினார். பிறகு சுவரில் ஓரிடத்தைக் காட்டினார். “அண்ணா, அதுதான் உங்க ஆறு வந்து நின்ன இடம்.”

2015 டிசம்பர் முதல் தேதி இரவு. மாதக்கணக்கில் கொட்டிய மழைக்கு மேல் அன்றும் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழே வழியெல்லாம் பெய்த மழையும் சேர்ந்துகொண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று ஆற்றங்கரை முழுவதும் தண்ணீர் புகுந்தது. இவர் குடும்பம் குழந்தைகளோடு மொட்டை மாடியில் இரண்டு இரவு இருந்தது. தையல் மிஷின் போயிற்று. ரேஷன் கார்டும் பிள்ளையின் மார்க் ஷீட்டும் சேறாயின. அதன் பிறகு ஆற்றோரக் குடிசைகளில் இருந்த பலரைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். இவரோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு குடும்பங்கள் அப்படிப் போனவை. வேலை இங்கே, வீடு அங்கே. பஸ்ஸிலேயே பாதி நாள் போகிறதாம்.

“விடிகாலையில அந்தப் படகைப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். நானும் பார்ப்பேன். மழைக்காலத்துல மட்டும் ஆத்தைப் பார்க்கவே பயமா இருக்கும்” என்றார். யாரும் பதில் பேசவில்லை. தண்ணீர் வந்தால் இப்படி ஒரு பயம். வராவிட்டால் என்ன என்பதற்கு நகரியிலிருந்து வந்த நாங்களே சாட்சி.

முட்டுக்காட்டில் எங்கள் முறை

பார்த்ததோடு திரும்ப மனம் இல்லை. பதினொரு பேரும் மாமல்லபுரம் சாலையில் பஸ்ஸேறி முட்டுக்காட்டில் இறங்கினோம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அங்கே 1984 முதல் இருக்கிறது. விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகே வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தார். மூன்று படகுகளில் பிரிந்து ஏறினோம். ஆளுக்கொரு ரப்பர் அங்கி மாட்டிவிட்டார்கள். படகோட்டி நல்ல மனிதர். சற்றுத் தள்ளிப் போனதும் எங்கள் கெஞ்சலுக்கு இரங்கி ஒரு துடுப்பைத் தறிக்காரர் கையில் கொடுத்தார்.

நாற்பது வருஷம் தறி ஓட்டிய கை என்றால் துடுப்பும் பழகிவிடும் என்று நினைத்தோம். படகு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு நின்றது! அடுத்த படகிலிருந்து கேலி. பெரியவர் வாங்கினார். முதலில் அவருக்கும் வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு படகோட்டியின் துடுப்புச் சத்தத்துக்குத் தன் துடுப்பைப் போட்டார். பத்துப் பதினைந்து இழுப்பு நேராகப் போனது. “போதும் ஐயா, உள்ளங்கை கொப்புளிச்சிடும்” என்று படகோட்டி தன் கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை முழுவதும் காய்ப்பு. தறிக்காரர்கள் தங்கள் கைகளை நீட்டிக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் அந்தப் படகில் யார் கை அதிகம் காய்த்தது என்ற விசாரணை நடந்தது.

அந்த இடத்தில் ஒரு விஷயம் சொன்னேன். நம் படகு நிற்கும் இந்த நீரோடுதான் பக்கிங்காம் கால்வாய் வந்து கலக்கிறது. 1934-இல் ஒரு முழுநிலா இரவில் ஒரு கூட்டம் சென்னையிலிருந்து கால்வாய் வழியாகப் படகில் மாமல்லபுரம் போனது. பாவேந்தர் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோர் அதில் இருந்தார்கள். அந்த உல்லாசப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டு. தமிழில் கூட்டுப் படகுப் பயணத்துக்கு இதைவிடப் பேர்போன உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துக் கால்வாய்ப் படகுக்கு எஞ்சின் கிடையாது. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். வாய்க்காவிட்டால் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மைல் கணக்கில் இழுத்து நடப்பார்கள். காலையில் அடையாற்றில் பார்த்த படகுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று பெரியவர் கண்டுகொண்டார். அங்கே உட்கார்ந்தவனே இழுக்கிறான். இங்கே ஒருவன் உட்கார்ந்து வர, இன்னொருவன் இழுத்தான்.

அந்தக் கால்வாயை வெட்டிய கதை இன்னும் கசப்பானது. 1806-இல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதல் பகுதியை வெட்டினார். பிற்பாடு அது வடக்கே நீண்டுகொண்டே போனது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல், தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நம் வட ஆர்க்காடும் அந்தப் பஞ்சத்தில் அடிபட்ட ஜில்லாதான். 1877-இல் நிவாரண வேலைக்கு வந்த ஆண்பிள்ளைக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும். எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு அதுதான் கிடைத்தது. கால்வாய்க்குப் பெயர் மட்டும் அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்குப் போயிற்று.

மொத்தம் 420 கிலோமீட்டர். அதில் 257 ஆந்திரத்தில், 163 தமிழ்நாட்டில். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான சொத்து; நம்மைப் போலவே எல்லைக்கு இரு பக்கமும் கால் வைத்திருப்பது. ஒரு காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து நெல்லும் விறகும் உப்பும் சுண்ணாம்புக்கு வேண்டிய கிளிஞ்சலும் இதில்தான் சென்னைக்கு வந்தன. ரயில் வந்தது, லாரி வந்தது, 1965, 1966 புயல்களில் கரை உடைந்தது, நகரத்துச் சாக்கடையை இதிலே திருப்பிவிட்டார்கள். சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களை இதற்குள்ளேயே இறக்கினார்கள். 2008-இல் மத்திய அரசு இதையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. சென்னைப் பகுதியில் அறிவிப்புக்குப் பின் படகு வரவில்லை.

எண்ணூருக்குப் போகும் தண்ணீர்

திரும்பும் ரயிலில் சீட்டு கிடைத்தது ஏழு பேருக்கு. மற்றவர்கள் கதவோரம். திருவள்ளூர் தாண்டியதும் ரயில்வேக்காரர் ஒரு பழைய காலண்டரின் பின்புறத்தில் ஆறுகளை வரைந்து காட்டினார். நம்மூர் ஆறு பூண்டியில் போய்ச் சேர்கிறது. சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1944-இல் கட்டி முடிந்த நீர்த்தேக்கம் அது. அங்கிருந்து ஒரு பகுதி சென்னைக்குக் குடிநீர். மிஞ்சியது கொசஸ்தலையாறாக, தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி எண்ணூர்க் கழிமுகம். எண்ணூரில் அதே பக்கிங்காம் கால்வாய் அந்த ஆற்றைக் குறுக்கே கடக்கிறது.

“அப்படின்னா நம்மூரு தண்ணி படகு ஓடற எடத்துக்குத்தான் போவுது” என்றார் பெரியவர்.

போகிறது, போனால். நம்மூரில் ஆற்று மணலை அள்ளிய பள்ளங்கள் முதலில் நிரம்ப வேண்டும். சாயப்பட்டறைத் தண்ணீர் அதில் கலக்காமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது சாயம் தோய்த்த நூலில்தான் எங்களில் ஆறு பேருக்குச் சோறு என்பதும் எங்களுக்குத் தெரியும். “சாயத்தண்ணிய சுத்தம் பண்ண வேண்டியது மொதலாளி, ஆத்தைப் பார்த்து வெக்கப்பட வேண்டியது நாமளா?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், “வெக்கம் ரெண்டு பேருக்கும்தான். காசு மட்டும் அவருக்கு” என்றார். திருத்தணி வரை அந்த விவாதம் ஓடியது. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போய் நகரி இந்தப் பக்கம் நின்ற பழைய கதையும் வழக்கம்போல் நடுவில் வந்து போனது. எல்லையை மனிதர்கள் பிரித்தார்கள். ஆறு யாரிடமும் பர்மிட் கேட்காமல் கடந்துகொண்டுதான் இருக்கிறது.

மறுநாள் காலை ஆற்றுப் பக்கம் போனேன். நடுவில் மட்டும் நாலடி அகலத்துக்கு ஒரு ஓடை. எருமை இரண்டு படுத்திருந்தன. பெரியவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து மஞ்சள் தடவியிருந்தது.

பொருளாளர் கணக்குக் கொடுத்துவிட்டார். போட்ட பணத்தில் ஆளுக்கு நாற்பத்தாறு ரூபாய் மீதி. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அதை அப்படியே முன்பணமாக எழுதி வைக்கச் சொன்னார்கள். அடுத்த தடவை எண்ணூர். மழைக்காலம் கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் நாலைந்து பேருக்கு இடம் இருக்கிறது. ஏகாம்பரகுப்பம் டீக்கடையில் சொல்லி வைத்தால் போதும்.